புனிதரும் கங்காணியும்

2004 பிப்ரவரி 29, ஞாயிற்றுக்கிழமை. இத்தாலியின் மிலான் நகரில் ஒரு பேரங்காடிக்குள் சுரூபம் சுமந்து ஒரு பவனி நுழைந்தது. வாடிக்கையாளர்களின் கைகளில் புனிதர் படங்கள் கொடுக்கப்பட்டன. படத்தில் கடைச் சீருடை அணிந்த ஓர் இளைஞர் மண்டியிட்டிருந்தார். கீழே ஒரு மன்றாட்டு: மகப்பேறு விடுப்பு வேண்டும், நோய்க்கால ஊதியம் வேண்டும், ஓய்வூதியம் வேண்டும். இந்தப் புனிதரை வத்திக்கான் அறியாது. பெயர் சான் பிரெக்காரியோ. நிலையற்ற வேலை செய்வோரின் பாதுகாவலர். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே வரும் நாள் அவருடைய திருநாள்.

சங்கிலித் தொடர்க் கடைகளிலும் மால்களிலும் வேலை பார்ப்போரைத் திரட்ட முயன்ற செயின்வொர்க்கர்ஸ் என்ற குழு இதற்குப் பின்னால் இருந்தது. அவர்களுடைய சிக்கல் எளிமையானது, தீர்வுதான் கடினம். ஞாயிறும் திறந்திருக்கும் கடையின் விற்பனையாளர், கால் சென்டர் பணியாளர், அருங்காட்சியக வழிகாட்டி, மொழிபெயர்ப்பாளர் ஆகியோருக்குப் பொதுவான ஆலைவாசல் கிடையாது. மூன்று மாத ஒப்பந்தக்காரர் சங்கச் சந்தா கட்டுவதற்குள் அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிடும். தன் நிலைமையைத் தன்னுடைய தோல்வியாகவே அவர் எண்ணிக்கொண்டிருப்பார். அவரைப்போல் பல லட்சம் பேர் இருக்கிறார்கள் என்று அவருக்குக் காட்ட ஒரு முகம் தேவைப்பட்டது. கத்தோலிக்க நாட்டில் எந்தப் பாட்டிக்கும் புரியும் முகம் புனிதருடையது. ஆகவே இதை வெறும் கூத்து என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. சிதறிக் கிடப்பவர்களிடையே பண்பாட்டு வேலையே சங்கம் கட்டும் வேலையின் முதல் படி.

மறு ஆண்டு அவர்கள் இன்னும் துணிந்தார்கள். 2005 பிப்ரவரியில் மிலான் பேஷன் வாரத்தில் செர்பிகா நாரோ என்ற புதிய ஆடை வடிவமைப்பாளரின் பெயர் அதிகாரபூர்வ நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றது. ஆங்கில ஜப்பானிய வம்சாவளி என்று சொல்லப்பட்ட அந்தப் பெண்ணைப் பற்றி முன்கூட்டியே சர்ச்சைகளும் கிளம்பின. நிகழ்ச்சி நாளன்று உண்மை வெளியானது. அப்படி ஒருவர் இல்லவே இல்லை. சான் பிரெக்காரியோ என்ற பெயரின் எழுத்துகளை மாற்றி அடுக்கினால் செர்பிகா நாரோ. கோடிகள் புரளும் தொழிலின் மேடையில், அத்தொழிலில் கூலியில்லாமலும் அரைக் கூலிக்கும் உழைப்பவர்கள் தங்கள் உடைகளோடு நடந்தார்கள். கர்ப்பத்தை முதலாளி கண்ணில் படாமல் மறைக்கும் ஆடை போன்றவை அந்த அணிவகுப்பின் கருத்துகள்.

இந்தக் கோபத்துக்குப் பின்னால் சட்டங்களின் வரலாறு இருக்கிறது. 1970இன் தொழிலாளர் சட்டம் நியாயமற்ற பணிநீக்கத்துக்கு எதிராக அதன் 18ஆம் பிரிவின் வழியே வலுவான காப்பு கொடுத்தது. 1980 இலையுதிர் காலத்தில் டூரினில் பியட் கார் ஆலைத் தொழிலாளர்கள் 35 நாள் நடத்திய போராட்டம், மேற்பார்வையாளர்களும் அலுவலர்களும் நடத்திய எதிர்ப்பேரணியோடு தோற்றது. அதன்பின் தொழிற்சங்கங்கள் பின்வாங்கிக்கொண்டே இருந்தன. 1997இல் இடதுமையக் கூட்டணி ஆட்சியே ஏஜென்சி வழியாகத் தற்காலிகத் தொழிலாளரை அமர்த்த வழிசெய்தது. 2003இல் பெர்லுஸ்கோனி அரசின் 30ஆம் எண் சட்டம் ஒப்பந்த வகைகளைப் பெருக்கியது. அதை வடிவமைத்த தொழிலாளர் சட்ட அறிஞர் மார்கோ பியாஜியை 2002 மார்ச்சில் பொலோனியாவில் புதிய செம்படைப் பிரிவு என்ற தீவிர இடதுசாரிக் குழுவினர் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அவர் பெயராலேயே சட்டம் அழைக்கப்பட்டது. அந்தக் கொலை தொழிலாளர் பக்கத்துக்குச் செய்த தீங்கு பெரிது. சட்டத்தை விமர்சித்தாலே இறந்தவரை அவமதிப்பதாகும் என்ற நிலை வந்தது.

சட்டம் உருவாக்கிய வகைகளில் ஒன்று, 2015இல் ஒழிக்கப்பட்ட 'திட்ட ஒப்பந்தம்'. தாளில் நீங்கள் சுயதொழில் செய்பவர். நடைமுறையில் குறித்த நேரத்துக்கு வந்து, குறித்த நாற்காலியில் அமர்ந்து, எழுதிக் கொடுத்ததைத் தொலைபேசியில் ஒப்பிக்கிறீர்கள். இந்த வாழ்க்கையிலிருந்து ஓர் இலக்கியமே பிறந்தது. சார்டீனியத் தீவில் தூசி உறிஞ்சும் கருவி விற்கும் கால் சென்டரில் வேலை பார்த்த அனுபவத்தை மிகேலா முர்ஜா 2006இல் நூலாக்கினார். பாவ்லோ விர்ட்சி 2008இல் அதைத் தழுவிப் படமெடுத்தார். மேடைக் கதைசொல்லி அஸ்கானியோ செலஸ்தினி, ரோமின் அதேசியா கால் சென்டர் பணியாளர்களின் போராட்டத்தை 2007இல் ஆவணப்படமாக்கினார். 'ஆயிரம் யூரோ தலைமுறை' என்ற நாவல் தலைப்பு பேச்சுவழக்கில் கலந்துவிட்டது. இப்படைப்புகளில் பெரும்பாலும் காணும் முகம் ஒன்றுதான்: பட்டம் பெற்ற, இத்தாலியக் குடியுரிமை உள்ள, நிலையான வேலை கிடைக்காத இளைஞர். இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

*

நிலையற்ற வேலையைப் பண்பாட்டோடு சேர்த்து யோசித்த ஆய்வுகளில் அதிகம் பேசப்பட்டவை பிரான்சில் தோன்றின. 1997 டிசம்பரில் கிரெனோபிளில் ஆற்றிய உரையில் சமூகவியலாளர் பியேர் பூர்தியூ, வேலையின் நிலையின்மை இன்று எங்கும் பரவிவிட்டது என்றும், அது தற்செயலாக வந்ததல்ல, ஆதிக்கத்தின் ஒரு புதிய முறை என்றும் வாதிட்டார். நாளை பற்றிய நிச்சயம் இல்லாதவரால் நாளைக்காகப் போராடத் திட்டமிட முடியாது என்பது அவர் கவலை. 1999இல் லுக் போல்தான்ஸ்கியும் ஏவ் ஷியாப்பெல்லோவும் வேறொரு கோணத்தில் வந்தார்கள். 1960களின் நிர்வாகவியல் கையேடுகளையும் 1990களின் கையேடுகளையும் ஒப்பிட்டுப் படித்தார்கள். 1968இன் கிளர்ச்சியில் இரண்டு குரல்கள் இருந்தன என்றார்கள். சுரண்டலையும் ஏற்றத்தாழ்வையும் எதிர்த்தது ஒரு குரல். சலிப்பையும் கட்டளைகளையும் எதிர்த்து, படைப்பூக்கமும் சுதந்திரமும் கேட்டது மற்றொன்று. நிர்வாகம் இரண்டாவதை எடுத்துத் தன் மொழியாக்கிக்கொண்டது. திட்டம், வலைப்பின்னல், தன்முனைப்பு என்று பேசத் தொடங்கியது. அதற்கு விலையாகப் பறிபோனது பணிப் பாதுகாப்பு. 2002இல் சமூகவியலாளர் பியேர் மிஷேல் மெஞ்ஜே, கலைஞரின் வாழ்க்கையே இனி எல்லா உழைப்புக்கும் முன்மாதிரியாக்கப்படுகிறது என்று காட்டினார். வருமானம் ஏறி இறங்கும், போட்டி கடுமை, வெற்றி சிலருக்கே, ஆனாலும் வேலைமேல் காதல் இருப்பதால் எவரும் முறையிட மாட்டார்கள்.

இவ்வாதத்தின் வலிமை எனக்குப் புரிகிறது. ஒரு குறையும் தெரிகிறது. சுதந்திரம் கேட்ட இளைஞர்களின் ஆசையே பாதுகாப்பைத் தின்றுவிட்டது போன்ற தோற்றத்தை இது தருகிறது. பியட் தொழிலாளர்கள் ஆசைப்பட்டு வேலையை இழக்கவில்லை. தோற்கடிக்கப்பட்டதால் இழந்தார்கள். அந்தத் தோல்விக்குப் பிறகுதான் சுதந்திரம் என்ற சொல் நிர்வாகத்தின் கைக்கு எளிதாக வந்தது.

கலைஞர்கள் தாங்களே என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். பிரான்சில் திரைப்படத் தொழில்நுட்பர்களுக்கும் நாடக, இசைக் கலைஞர்களுக்கும் 1960களில் உருவான தனி வேலையின்மைக் காப்பீடு உண்டு. ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் இடையிலான ஒத்திகை, பயிற்சி, காத்திருப்பு எல்லாம் உழைப்பின் பகுதி என்பதை அது மறைமுகமாக ஏற்கிறது. 12 மாதங்களில் 507 மணி நேரம் வேலை செய்தவருக்கு இடைவெளி நாட்களில் உதவித்தொகை. 2003 ஜூன் 26 அன்று முதலாளிகள் அமைப்பும் சில சங்கங்களும் இந்த விதியை இறுக்கின. தொழில்நுட்பர்கள் அதே 507 மணியைப் பத்து மாதங்களில் காட்ட வேண்டும். நடிகர், இசைஞர்கள் பத்தரை மாதங்களில். கிடைக்கும் காலமும் எட்டு மாதமாகச் சுருங்கியது. வேலைநிறுத்தம் மூண்டது. ஜூலை 10 அன்று அவிஞ்ஞோன் நாடக விழா ரத்தானது. 1947இல் ழான் விலார் தொடங்கிய விழா, வரலாற்றில் முதல்முறையாக நின்றது. அக்டோபரில் போராட்டக்காரர்கள் ஒரு தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் நேரலைக்குள் புகுந்து பதாகை விரித்தார்கள்.

இந்தப் போராட்டத்தில் நான் மிகவும் மதிப்பது அதன் பிடிவாதத்தை. பாரிஸ் வட்டார ஒருங்கிணைப்புக் குழு தன் பெயரிலேயே கலைஞர்களோடு 'நிலையற்ற பணியாளர்க'ளையும் சேர்த்துக்கொண்டது. தாங்களே கணக்குப் போட்டு, ஆய்வாளர்களுடன் சேர்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் விசாரித்து, மாற்று விதிகளை எழுதி மேசைமேல் வைத்தார்கள். 2014இல் மீண்டும் ஒப்பந்தம் கெட்டபோது மீண்டும் விழாக்களை நிறுத்தினார்கள். 2016இல் 507 மணிக்கு 12 மாதம் என்ற பழைய கணக்கு திரும்பியது. 2021 மார்ச் 4 அன்று பெருந்தொற்றால் மூடியிருந்த பாரிஸின் ஒதேயோன் அரங்கை அவர்கள் ஆக்கிரமித்து, எல்லாத் தொழிலாளர்க்குமான வேலையின்மைக் காப்பீட்டை வெட்டும் சீர்திருத்தத்தைக் கைவிடுமாறு கேட்டார்கள். சில வாரங்களில் நாடெங்கும் பல பத்து அரங்குகளில் அதே கொடி. இந்த ஏற்பாட்டைப் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்கள் சுரண்டிக்கொண்டன என்பதும் உண்மை. ஆண்டு முழுதும் வேலை வாங்கிக்கொண்டு, இடைவெளிச் செலவைக் காப்பீட்டு நிதியின் தலையில் கட்டின. ஆனாலும் போராடியவர்கள் கையில் பிடித்துத் தொங்க ஓர் எண் இருந்தது, ஒரு விதி இருந்தது. மிலானின் புனிதருக்கு அது அமையவில்லை. மே தினத்தன்று பல ஐரோப்பிய நகரங்களின் தெருக்களில் அவர் வலம்வந்தார். ஆனால் 18ஆம் பிரிவு 2012இல் நலிந்து, 2015இல் புதிதாகச் சேர்வோருக்குப் பெரும்பாலும் இல்லாமலே போனது.

மாட்ரிட்டில் பெண்கள் வேறு கேள்வியோடு தொடங்கினார்கள். 2002 ஜூன் 20 அன்று ஸ்பெயினில் பொது வேலைநிறுத்தம். வீட்டில் முதியவரைப் பார்த்துக்கொள்ளும் பெண், மணிக்கணக்கில் மொழிபெயர்ப்பவள், எழுத்தில் ஒப்பந்தமே இல்லாதவள் எப்படி வேலைநிறுத்தம் செய்வாள்? லவாப்பியேஸ் பகுதியின் ஒரு பெண்கள் இல்லத்திலிருந்து கிளம்பிய 'பிரெக்காரியாஸ் அ லா தெரீவா' குழுவினர் அன்று நகரமெங்கும் நடந்து, உன் வேலைநிறுத்தம் எது என்று பெண்களைக் கேட்டார்கள். அதன்பின் ஒவ்வொருவரும் தம் அன்றாட வேலைப்பாதையில் மற்றவர்களை அழைத்துச் சென்று காட்டினார்கள். பெண்ணியச் சிந்தனையாளர் சில்வியா ஃபெதரீச்சி 2006இல் முன்வைத்த விமர்சனமும் இதே திசையில் செல்கிறது. பெண்களின் வீட்டுழைப்பு ஒருபோதும் நிலையான வேலையாக இருந்ததில்லை. நிலையின்மையைப் புதுமையாகக் காண்பவர் ஆணின் ஆலை வேலையை அளவுகோலாக வைத்துப் பார்க்கிறார்.

*

பொருளாதார அறிஞர் கை ஸ்டாண்டிங் 2011இல் எழுதிய 'பிரிக்கேரியட்' என்ற நூல், நிலையற்றோர் அனைவரையும் உருவாகிவரும் ஒரு புதிய வர்க்கம் என்றது. இதை ஏற்காதவர்களில் முக்கியமானவர் டச்சு ஆய்வாளர் யான் பிரேமன். 1960களிலிருந்து தெற்கு குஜராத்தின் கூலிகளோடு பழகியவர். 2013இல் எழுதிய விமர்சனத்தில் அந்தக் கருத்தாக்கத்தையே போலி என்று ஐயுற்றார். உலகின் பெரும்பாலான உழைப்பாளிகளுக்கு நிலையான வேலை என்றுமே வாய்த்ததில்லை. ஐரோப்பாவின் சில பத்தாண்டுகளின் பாதுகாப்புதான் விதிவிலக்கு. காலையில் வேலைக்கு ஆள் எடுப்பார்களா என்று தெருமுனையில் காத்து நிற்பவர்களை நாள்தோறும் காணும் நமக்கு இது புதிய செய்தியாகத் தோன்றாது. ஆனால் பிரேமனின் கேள்வியைக் கேட்க குஜராத் வரை போகத் தேவையில்லை. மிலானிலிருந்து தெற்கே ரயிலேறினாலே போதும்.

பியாஜி சட்டத்துக்கு முந்தைய ஆண்டு, 2002இல், அதே பெர்லுஸ்கோனி அரசு பொஸ்ஸி ஃபீனி சட்டத்தைக் கொண்டுவந்தது. வெளிநாட்டவரின் தங்கும் அனுமதியை அது வேலை ஒப்பந்தத்தோடு முடிச்சுப்போட்டது. வேலை போனால் குறித்த கெடுவுக்குள் இன்னொன்று கிடைக்க வேண்டும்; இல்லையெனில் நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். மிலான் இளைஞருக்கு ஒப்பந்தம் முடிவதென்றால் பெற்றோர் வீட்டுக்குத் திரும்புவது. செனகல்காரருக்கும் பஞ்சாபிக்கும் அது தலைமறைவு வாழ்க்கை. ஆனால் இலக்கியமும் சினிமாவும் ஊர்வலங்களும் முதல் வகையைத்தான் பெரிதும் பேசின.

தெற்கின் தக்காளி, தர்ப்பூசணி வயல்களில் வேலை பெரும்பாலும் 'கப்போராலே' வழியாகக் கிடைக்கும். ஆள் பிடிப்பவர் அவர். வேனில் ஏற்றிச் செல்பவர் அவர். கூலியில் தன் பங்கையும் வண்டிச்சத்தத்தையும் பிடித்துக்கொள்பவரும் அவர். இலங்கை, மலாயாத் தோட்டங்களில் தலைக்காசு வாங்கிய கங்காணியை நம் முன்னோர் அறிவார்கள். 2011 கோடையில் அபூலியா மாநிலத்தின் நர்தோவில், கூலியைக் கூட்டாமல் வேலையைக் கூட்டியபோது ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் கேமரூனிலிருந்து டூரினுக்குப் பொறியியல் படிக்க வந்திருந்த இவான் சாஞே. அதே ஆண்டு ஆகஸ்டில் கங்காணி முறை குற்றவியல் சட்டத்தில் தனிக் குற்றமானது. பெரிய சுரூபம் எதுவும் இல்லாமல் ஒரு வயல்வெளி வேலைநிறுத்தம் சட்டப் புத்தகத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தது.

ரோமுக்குத் தெற்கே லத்தீனா மாவட்டத்தில் காய்கறிப் பண்ணைகளில் ஆயிரக்கணக்கான பஞ்சாபி சீக்கியர்கள் வேலை செய்கிறார்கள். நாள் முழுதும் குனிந்து வேலை செய்யும் வலி தெரியாமலிருக்க அவர்களில் சிலர் அபினி எடுத்துக்கொள்வதை சமூகவியலாளர் மார்கோ ஓமித்சோலோவின் ஆய்வு 2014இல் வெளிக்கொணர்ந்தது. 2016 ஏப்ரலில் அவர்கள் வேலையை நிறுத்தி நகரச் சதுக்கத்தில் திரண்டார்கள். அவர்கள் கூடிப் பேச இடம் இருந்தது: ஞாயிறு தோறும் போகும் குருத்வாரா. உருவாக்கப்பட்ட புனிதருக்கும் ஏற்கெனவே உயிரோடிருக்கும் வழிபாட்டிடத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே காண்கிறேன். முன்னது கவனத்தை ஈர்க்கும். பின்னதில் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அறிவார்கள். அவ்வாண்டு அக்டோபரில் வந்த 199ஆம் எண் சட்டம், கங்காணியோடு பண்ணை முதலாளியையும் குற்றவாளியாக்கியது. ஆனால் சட்டம் மட்டும் போதவில்லை. 2024 ஜூனில் அதே மாவட்டத்தில் ஓர் இந்தியத் தொழிலாளியின் கை இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல், அவர் தங்கியிருந்த வீட்டு வாசலில் அவரையும், பழப்பெட்டி ஒன்றில் கையையும் போட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் இறந்தார். முறையான ஒப்பந்தம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை.

*

வயலும் நகரமும் சந்தித்த இடம் உணவு டெலிவரி. 2016 அக்டோபரில் டூரினில் ஃபுடோரா நிறுவனம் மணிக்கு 5.40 யூரோ என்ற கூலியை டெலிவரிக்கு 2.70 என்று மாற்றியபோது இத்தாலியின் முதல் டெலிவரி வேலைநிறுத்தம் நடந்தது. பங்கேற்றவர்களுக்குப் பணிநீக்கக் கடிதம் வரவில்லை. செயலி அவர்களுக்கு வேலை காட்டுவதை நிறுத்திக்கொண்டது. வழக்கு முதல் நீதிமன்றத்தில் தோற்று, மேல்முறையீட்டில் பாதி வென்று, 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் அவர்கள் பக்கம் முடிந்தது. பொலோனியாவில் டெலிவரித் தொழிலாளர் சங்கமும் மாநகராட்சியும் சேர்ந்து 2018 மே மாதம் ஓர் உரிமைச் சாசனம் எழுதின.

தொடக்கத்தில் மிதிவண்டியில் மாணவர்கள் அதிகம். சில ஆண்டுகளில் புலம்பெயர்ந்தோர் பெருகினார்கள். அதற்கு அரசியலின் பங்கு உண்டு. 2018இல் உள்துறை அமைச்சர் சால்வினியின் ஆணை, மனிதாபிமான அடிப்படையிலான தங்கும் அனுமதி முறையைப் பெருமளவு ஒழித்தது. நாட்டின் பண்பாட்டைக் காப்பதாகச் சொல்லி நடத்திய அந்த அரசியல், ஆயிரக்கணக்கானோரின் சட்டபூர்வ நிலையைப் பறித்து, எந்தக் கூலிக்கும் தலையாட்டும் உழைப்பாளிகளாக்கியது. நிலையற்ற வேலையால் கசந்திருந்த உள்ளூர்க்காரரிடம் வெளியாரைக் கைகாட்டுவதும் இதே அரசியல். வலதுசாரிகளின் பண்பாட்டு அரசியல் இந்த இரண்டு வேலையையும் ஒரே மூச்சில் செய்கிறது.

2020 மே மாதம் மிலான் நீதிமன்றம் ஊபரின் இத்தாலிய நிறுவனத்தை நீதிமன்றக் கண்காணிப்பின் கீழ் வைத்தது. காரணம், உணவு டெலிவரியில் இடைத்தரகர்கள் வழியே அகதி விண்ணப்பதாரர்களைச் சுரண்டியது. பயன்படுத்திய குற்றப்பிரிவு நர்தோ வயல்களுக்காக எழுதப்பட்ட அதே கங்காணிப் பிரிவு. மறு ஆண்டு பிப்ரவரியில் மிலான் அரசு வழக்கறிஞர்கள், 60,000க்கும் மேற்பட்ட டெலிவரித் தொழிலாளரை முறையாக நடத்துமாறு நான்கு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டு, 73.3 கோடி யூரோ அபராதமும் அறிவித்தார்கள். 2024இல் அதே நீதிமன்றத்தின் பார்வை பேஷன் துறைமேல் விழுந்தது. துணை ஒப்பந்தக்காரர்களின் பட்டறைகளில் தொழிலாளர் வேலையிடத்திலேயே தூங்கி எழுந்து தைத்ததைத் தடுக்கத் தவறியதற்காக, அர்மானி, தியோர் குழுமங்களின் உற்பத்தி நிறுவனங்கள் கண்காணிப்பின் கீழ் வந்தன. 2,600 யூரோவுக்கு விற்கப்பட்ட தியோர் கைப்பையின் தையலுக்குப் பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ என்று நீதிமன்ற ஆவணம் சொல்கிறது. தக்காளி வயலிலிருந்து செயலிக்கும், செயலியிலிருந்து கைப்பைக்கும் அந்தக் குற்றத்தை அடையாளம் காணும் வழி பரவியிருக்கிறது. இருபது ஆண்டுகளில் மிலானில் தொழிலாளர் பக்கம் விளைந்த மிகப் பயனுள்ள சிந்தனை இதுவே என்று கருதுகிறேன். அதைத் தந்தவர்கள் சிந்தனையாளர்களாக எண்ணப்படாத, ஆப்பிரிக்காவிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வந்த கூலிகள்.

2025 ஜூன் 8, 9 தேதிகளில் இத்தாலியர் ஐந்து கேள்விகளுக்கு வாக்களித்தார்கள். நான்கு கேள்விகள், பணிநீக்கக் காப்பை மீட்பது உட்பட, வேலை பற்றியவை. ஐந்தாவது, குடியுரிமை கோரத் தேவையான வசிப்புக் காலத்தைப் பத்து ஆண்டிலிருந்து ஐந்தாகக் குறைப்பது. நிலையற்ற வேலையும் நிலையற்ற வசிப்பும் முதன்முறையாக ஒரே வாக்குச்சாவடியில் சேர்ந்து நின்றன. வாக்களித்தோர் ஏறத்தாழ 30 விழுக்காடுதான். பாதிக்கு மேல் வந்தால்தான் செல்லும் என்பதால் எல்லாம் தோற்றன. வந்தவர்களில், வேலை பற்றிய கேள்விகளுக்கு ஆம் என்றோர் பத்தில் ஒன்பது பேருக்குச் சற்றுக் குறைவு. குடியுரிமைக் கேள்விக்கு ஏறக்குறைய மூன்றில் இருவர். தொழிலாளர் உரிமைக்காக வீட்டை விட்டுக் கிளம்பி வந்து வரிசையில் நின்ற பலர், உடன் உழைக்கும் அந்நியருக்கு இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். லத்தீனாவின் பண்ணைத் தொழிலாளருக்கும் மிலானின் டெலிவரித் தொழிலாளருக்கும் குடியுரிமை இல்லாதவரை இந்தக் கேள்விகளில் எதற்கும் வாக்கில்லை.